ஓட்டத் தெரியும், பேசத்தான் விடவில்லை

சங்கரன்கோவில் சுற்றுப்பட்டியில் வளர்ந்த பிள்ளையிடம் சைக்கிளைப் பற்றிக் கேட்டால் பதில் வராமல் போகுமா? போயிருக்கிறது. அதுவும் 17,000 ரூபாய்க்கு மேல் ஃபீஸ் கட்டி உட்கார்ந்த பரீட்சையில். வயிறு எரிகிறது. அதனால்தான் உங்களிடம் கொட்டுகிறேன்.

என் அக்கா மகள் நர்ஸ். பிரிட்டனில் வேலைக்குப் போக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் பரீட்சை எழுதினாள். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய வாசிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7 வேண்டும். எழுதுவதில் 6.5 போதும். கவனித்தீர்களா? எழுத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள், பேச்சில் இறங்குவதில்லை. நம் பிள்ளைகளுக்கோ எழுத்துதான் கைவந்தது. பேச்சு என்றால் நடுக்கம்.

அந்தப் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிஷம். முதல் நாலைந்து நிமிஷம் உன் ஊர், உன் வீடு, உன் பழக்கவழக்கம் என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அப்புறம் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்வார்கள். கடைசியில் அதை ஒட்டியே இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போவார்கள். இவளுக்கு ஆரம்பத்திலேயே சைக்கிள் வந்தது. சின்ன வயதில் சைக்கிள் வைத்திருந்தாயா? உங்கள் ஊரில் நிறையப் பேர் ஓட்டுவார்களா? இப்போதும் ஓட்டுகிறாயா?

இதைவிட லேசான கேள்வி உண்டா, சொல்லுங்கள்!

அவள் சைக்கிள் கதை எனக்குத் தெரியும். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்த திட்டம் அது. ஊருக்கு மேற்கே அவர்கள் கிராமம். காலையில் முன் கூடையில் பிச்சிப்பூப் பை இருக்கும். பூ மார்க்கெட்டில் அதை இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம். ஆனி, ஆடி வந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காலையில் அது முதுகில் கை வைத்துத் தள்ளும். சாயங்காலம் முகத்துக்கு நேரே அடிக்கும். சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் வண்டி நகராது. எழுந்து நின்று, துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு மிதிப்பாள். கேரியரில் சிநேகிதி வேறு. நடுவழியில் செயின் கழன்றால் ஒரு குச்சியைத் தேடி எடுத்து, பல்சக்கரத்தில் செயினைக் கோத்துவிட்டு, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றி அவளே மாட்டிவிடுவாள். கை பூராவும் கிரீஸ். கரிசல் மண்ணை அள்ளித் தேய்த்துத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆடித்தபசு நாளில் ரத வீதியில் கால் வைக்க இடமிருக்காது. இறங்கி உருட்டிக்கொண்டே வருவாள்.

இத்தனையும் அவள் அனுபவம். ஒரு வரி வெளியே வரவில்லை.

வந்தது என்ன தெரியுமா? கோச்சிங் சென்டரில் கொடுத்த மாடல் ஆன்சர். சைக்கிள் சுற்றுச்சூழலுக்கு நல்லது, கார்பன் குறையும், ஆம்ஸ்டர்டாமில் எல்லாரும் சைக்கிளில்தான் போகிறார்கள்... எதிரே இருந்தவர் இடையிலேயே நிறுத்தி, "சரி, உன்னுடைய சைக்கிள் எப்படி இருந்தது?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். மனப்பாடம் அறுந்துபோனது. "வாயே வரல மாமா"ன்னு போனில் அழுகிறாள். மற்ற மூன்றிலும் தேறிவிட்டாள். பேச்சில் 6.

அந்தத் தேர்வில் மார்க் எதற்கு? தடங்கலில்லாமல் தொடர்ச்சியாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. இந்த நாலுக்கும் சம மதிப்பு. ஆம்ஸ்டர்டாம் தெரியுமா என்று யாரும் அங்கே பார்ப்பதில்லை. தமிழ் வாடை அடிக்கும் இங்கிலீஷ் என்பதற்காகவும் மார்க் குறைவதில்லை, கேட்பவருக்குப் புரிந்தால் சரி. ஆனால் ஒப்பிப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அங்கே மார்க் போகும். இதையெல்லாம் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய இடத்தில், கட்டுக் கட்டாக ஜெராக்ஸ் கொடுத்து உருப்போடச் சொல்கிறார்கள். அதற்கும் ஆயிரக்கணக்கில் பணம்.

சரி, கோச்சிங் சென்டரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்த பிள்ளை இவள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சை 100-க்கு 100 எழுத்துதான். பிளஸ் டூவில் 90 எழுத்து, 10 அகமதிப்பீடு. வாயைத் திறந்து பேசுகிறதா என்று உட்கார வைத்துக் கேட்டுப் பார்க்கும் பொதுத்தேர்வு உண்டா? மார்க் இல்லாததை எந்தப் பள்ளிக்கூடம் நடத்தும்? சார் கிளாஸில் இல்லாத நேரத்தில் லீடர் போர்டில் பெயர் எழுதுவானே, ஞாபகம் இருக்கிறதா? "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டு. பன்னிரண்டு வருஷம் பேசினால் அடி என்று வளர்த்துவிட்டு, இருபத்து நாலு வயதில் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து சரளமாகப் பேசு என்றால் எப்படிப் பேசும்?

இன்னொன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளைப் பற்றிப் பேச நம்மிடம் இல்லாத கதையா? 1991-92ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரியில் கல்லுடைத்த பெண்களும் வயலில் கூலிக்குப் போன பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதினார். அந்தக் கட்டுரை இந்தியில் போய் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பாடமாகவே இருந்தது! பீகாரில் 2006-ல் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கக் காசு கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து, ஒன்பது, பத்தாம் வகுப்பில் உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கணக்குச் சொன்னார்கள். பேச்சுத் தேர்வின் கடைசிப் பகுதியில் கேட்கும் ஆழமான கேள்விக்கு இதைவிட என்ன சரக்கு வேண்டும்? அரசு சைக்கிளில் படித்து நர்ஸான பெண் தானே அதற்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறாள். சொல்வதோ ஆம்ஸ்டர்டாம். தன் வாழ்க்கையில் இங்கிலீஷில் சொல்லத்தக்கது ஒன்றுமே இல்லை என்று இந்தப் பிள்ளைகளை நம்ப வைத்தது யார்? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் மறுபடி எழுதத்தான் போகிறாள். மறுபடியும் முழு ஃபீஸ். விசைத்தறிக் கூலியில் குடும்பம் நடத்துகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று சங்கரன்கோவில்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கல்வித்துறையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் ஒரு இருபது மார்க்கையாவது பேச்சுக்கு ஒதுக்குங்கள். மார்க் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் தானாக நடத்தும். இங்கிலீஷ் டீச்சர்களே, அந்த உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு பீரியடைக் கொடுங்கள். பிள்ளை தன் சைக்கிளைப் பற்றியோ, அம்மாவின் தறியைப் பற்றியோ தப்பும் தவறுமாக ஐந்து நிமிஷம் பேசட்டும். பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே திருத்தாதீர்கள், பக்கத்துப் பெஞ்ச் சிரிக்கவும் விடாதீர்கள்.