காய்ச்சல் வரும் வழி மாறிவிட்டது



"மலேரியாவா? அது கீழ்நாட்டுக் காய்ச்சல். ராகலைக் குளிரில் நுளம்பே செத்துப் போகும்." அண்மையில் தோட்டத்து மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஓர் அம்மா இப்படிச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே போனால் மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் உடலுக்குள் வளர முடியாது. மேட்டுத் தோட்டங்களை இதுவரை காத்தது இந்தக் குளிர்தான். ஆனால் ராகலையில் பஸ் ஏறி வலப்பனைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் சுவெட்டரைக் கழற்றிவிடுவோம். நாம் கடைக்கும், கச்சேரிக்கும், கலியாண வீட்டுக்கும் இறங்கும் ஊர்களை அந்தக் குளிர் காப்பதில்லை.

நமது முன்னோர் இந்தக் காய்ச்சலை நன்றாக அறிந்திருந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேரைக் கொலராவும் அம்மையும் மலேரியாவும் வழியிலேயே கொண்டுபோயின. தேயிலைக்கு உரமானவர்கள் என்று பேசும்போது, தேயிலையைக் கண்ணால் காணாமலே போனவர்களையும் நாம் சேர்த்து நினைக்க வேண்டும்.

இலங்கையில் மலேரியா ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருந்ததில்லை. வழக்கமாக அது வறண்ட வலயத்து நோய். 1934 இல் மழை பொய்த்தது. வெள்ளமாக ஓட வேண்டிய மகாவலி, களனி, மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றி மணலுக்கிடையே குட்டைகளாயின. இங்கே மலேரியாவைப் பரப்பிய நுளம்புக்கு வெயில் படும், அசையாத தெளிந்த நீர்தான் பிடிக்கும். குருநாகல், கேகாலைப் பக்கத்து மக்களின் உடலில் அந்த நோயைத் தாங்கிப் பழகிய எதிர்ப்புச் சக்தி இல்லை. வயிற்றுக்கும் போதிய உணவில்லை. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். குழந்தைகளே அதிகம். அப்போது கிராமம் கிராமமாக நிவாரணம் கொடுத்த இளைஞர்களில் என். எம். பெரேராவும் ஒருவர். கொயினாவோடு பருப்பும் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பசித்த உடலில் மருந்து மட்டும் என்ன செய்யும்?

பிறகு டி.டி.டி. மருந்து வந்தது. வீடு வீடாகச் சுவர்களில் அடித்தார்கள். 1963 இல் நாடு முழுவதற்கும் நோயாளிகள் 17 பேர்தான்! வென்றுவிட்டோம் என்று தெளிப்பதைக் குறைத்தார்கள், இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தது. 1969 இல் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. அதற்குள் நுளம்பு டி.டி.டி.க்குப் பழகிப்போயிருந்தது. வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.

1980களில் மகாவலித் திட்டம் வந்தபோது வடிவம் மறுபடி மாறியது. புதுக் குடியேற்றங்களில் வாய்க்கால்களும், வேலைக்காக வந்த புதிய மக்களும் நோய்க்கு வழிவிட்டார்கள். அணைகள் நீரைப் பிடித்து வைக்க, கீழே ஆற்றுப் படுகையில் குட்டைகள் தேங்கின. அதனால் முன்பு மலேரியாவை அதிகம் அறியாத மலைநாட்டு ஆற்றோரங்களிலும் நோய் தலைகாட்டியது. விளக்கு எரிய மின்சாரம் தந்த அதே ஆறுதான் இதையும் தந்தது. அபிவிருத்தித் திட்டம் வரைகிறவர்கள் பக்கத்தில் ஒரு சுகாதார அதிகாரியையும் உட்கார வைத்தால் என்ன என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

1999 இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய். யுத்தம் நடந்த வடக்கு, கிழக்கில்தான் பாரம் அதிகம். அந்த நிலையிலும் இரத்தம் எடுப்பதும், நுளம்பு வலை கொடுப்பதும், மருந்து தெளிப்பதும் நிற்கவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளிகள் பதிவானது 2012 இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

அப்படியானால் இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். காய்ச்சல் வரும் வழி மாறிவிட்டது, சகோதரிகளே. இப்போது அது குளத்தோரத்திலிருந்து வருவதில்லை, விமானத்தில் வருகிறது. ஒவ்வொரு வருடமும் இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் திரும்புவோரிடம் மலேரியா கண்டுபிடிக்கப்படுகிறது. 2018 இன் இறுதியில் மொனராகலைப் பக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் நோய், நம்மூர் நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. மன்னாரில் இதற்கு முன் இலங்கையில் காணாத, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஒரு நுளம்பு இனத்தையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிணற்று நீரிலும் தாங்கிகளிலும் அது முட்டையிடும். நம் பாட்டன்மார் இறங்கிய அதே மன்னார்!

நமக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு சாதாரணமானதா? 1964 ஒப்பந்தத்தின் பின் பிரிந்துபோன அக்கா, சித்தப்பா குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கோயில் யாத்திரைக்குப் போகிறோம். பிள்ளைகள் தொழில் தேடித் தூர தேசங்களுக்குப் போகிறார்கள். திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால் யாருக்கு மலேரியா நினைவு வரும்? ஒருவகை மலேரியா பல மாதங்கள் ஈரலில் ஒளிந்திருந்து பிறகும் வரும். இன்னொரு வகை சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும்.

எனக்குக் கவலை தருவது நம் பழக்கம்தான். காய்ச்சல் என்றால் இரண்டு பனடோல். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் விழாது. அதனால் மூன்றாம் நாள், நான்காம் நாள் வரை கொழுந்து மலையில் நின்று நடுங்குவோம். டிஸ்பென்சரியில் கூட்டம். இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியைப் படிப்பில்தான் பார்த்திருப்பார்கள். ஆகவே அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்: "ஐயா, இவர் இந்தியா போய் வந்தவர், இரத்தத்தில் மலேரியா பார்க்க முடியுமா?" இதைக் கேட்பதில் வெட்கமில்லை. காசும் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். கர்ப்பிணி என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். சில மலேரியா மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சிலவற்றை 14 நாட்கள் குடிக்க வேண்டியிருக்கும்.

பயணம் போகிறவர் வீட்டில் இருந்தால் பெட்டி கட்டும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். மலேரியா ஒழிப்பு இயக்கம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகவே கொடுக்கிறது. போகுமுன் தொடங்கி, திரும்பி வந்த பின்னும் சில வாரங்கள் அவற்றைக் குடிக்க வேண்டும். வந்து இறங்கிய சந்தோஷத்தில் பலர் விட்டுவிடுவது அந்தக் கடைசி வாரங்களைத்தான்.