எட்டாத உயரத்தில் கண்ணாடி எதற்கு?



உங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை எங்கே மாட்டியிருக்கிறார்கள்? அப்பா சவரம் செய்யவும் அம்மா பொட்டு வைக்கவும் வசதியாக, பெரியவர்கள் முகத்துக்கு நேராகத்தானே? மூன்றாம் வகுப்புப் படிக்கிற நீங்கள் எம்பினால் நெற்றி தெரியும். உங்கள் ஒன்றரை வயதுத் தங்கைக்கு என்ன தெரியும்? சுவர்தான்.

வீட்டிலாவது தூக்கிக் காட்ட அப்பத்தாவோ அம்மிச்சியோ இருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு இடத்தைப் பற்றி. கோவையிலும் திருப்பூரிலும் அம்மா மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும்போது, சின்னப் பிள்ளைகளைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள் அல்லவா? சில வீடுகளில் பெயர்ப்பலகை இருக்கும். பல வீடுகளில் இருக்காது. 'பிள்ளை பாத்துக்கிற அக்கா வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரிய ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1975-ல் நாட்டில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் இப்போது தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் அதிகமான மையங்கள் உள்ளன. ஆனால் சின்ன கம்பெனியில் காப்பகம் ஏது? அம்மாவின் ஷிப்ட் முடிகிற வரை அங்கன்வாடியும் திறந்திருக்காது. ஆகவே அந்த அக்கா வீடுதான் பல குழந்தைகளுக்குப் பகல் முழுவதும் உலகம்.

பணி ஓய்வுக்குப் பிறகு அப்படிச் சில வீடுகளுக்குப் போய்ப் பாட்டும் கதையும் சொல்லி வருகிறேன். கண்ணாடி விஷயத்தில் இரண்டு விதமான வீடுகளைப் பார்க்கிறேன். ஒன்றில், ரசம் போன பழைய கண்ணாடி ஒரு ஆணியில் நூல் கயிற்றில் தொங்கும். அல்லது கதவில் கண்ணாடி பதித்த பீரோ இருக்கும், அதன் கைப்பிடியைப் பிடித்துப் பிள்ளைகள் தூரி ஆடுவார்கள். இன்னொன்றில் கண்ணாடியே இருக்காது. "உடைஞ்சு குத்திருச்சுன்னா ஆருங்க பதில் சொல்றது?" என்று கழற்றி வைத்துவிட்டார்கள்.

முதல் வீடு ஆபத்து என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது வீடு கவனமான வீடு போலத் தெரிகிறது. ஆனால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கண்ணாடி வேண்டும். அது அவர்கள் உயரத்தில் இருக்க வேண்டும், உடையாததாகவும் இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு யானைக் கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்ததுதான்.

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று யானைக்குத் தெரியுமா? 1989-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். கண்ணாடியைக் கம்பிக்கு வெளியே வைத்திருந்தார்கள். யானைகள் கண்ணாடியைப் பார்த்து, ஒளித்து வைத்த தீனியைக் கண்டுபிடித்தன. ஆனால் தங்களை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பிறகு வேறு ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள். இவ்வளவு பெரிய பிராணிக்குச் சின்னக் கண்ணாடியை, அதுவும் தொட முடியாத தூரத்தில் வைத்தால் என்ன தெரியும்? நியூயார்க்கில் உள்ள பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில், ஆள் உயரத்தையும் தாண்டிய பெரிய கண்ணாடியை யானைகள் இருக்கும் இடத்துக்குள்ளேயே வைத்தார்கள். யானை இடித்தால் உடையக் கூடாதே! அதனால் அக்ரிலிக் கண்ணாடியைப் பலகையில் ஒட்டி, இரும்புச் சட்டம் போட்டார்கள். யானைகள் கிட்டே வந்து, தும்பிக்கையால் தடவி, பின்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்றும் தேடிப் பார்த்தன. 'ஹேப்பி' என்ற யானை, தன் தலையில் வைத்திருந்த வெள்ளை அடையாளத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தும்பிக்கையால் அதே இடத்தைத் தொட்டது! இந்த ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. ஹேப்பி நம் ஆனைமலை யானைகளைப் போல ஆசிய யானைதான்.

குழந்தைகளிடம் இந்தச் சோதனையை 1972-லேயே ஆம்ஸ்டர்டாம் என்ற பெண்மணி செய்து காட்டினார். (ஊர்ப் பெயர் இல்லை, அவர் பெயரே அதுதான்!) குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டார். ஒரு வயதுக் குழந்தை, கண்ணாடிக்குள் இன்னொரு பாப்பா இருப்பதாக நினைத்துச் சிரித்து விளையாடும். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்தான் பல குழந்தைகளின் கை கண்ணாடிக்குப் போகாமல் தன் மூக்குக்குப் போகும். 'அட, இது நான்!' என்று தெரிகிற நேரம் அது. நீங்களும் தம்பி மூக்கில் கொஞ்சம் குங்குமம் வைத்துப் பார்க்கலாம். கன்னத்தில் வேண்டாம், திருஷ்டிப் பொட்டு பழகிப்போன பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். தம்பி துடைக்கவில்லை என்றால் உடனே 'மக்கு' என்று பட்டம் கட்டிவிடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை, பேசுவதில்லை, இதுவும் அப்படித்தான்.

பல் முளைக்கும் முன் குழந்தைக்குக் கண்ணாடி காட்டக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். கண்ணாடி பார்த்து எந்தக் குழந்தைக்கும் பல் முளைக்காமல் போனதில்லை.

லைன் வீடுகளில் வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஒரே அறை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதுவும் ஜன்னலுக்கு மேலே. அந்தப் பிள்ளை தன் காலையும் கையையும் முகத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததே இருக்காது. பகலில் இருக்கிற வீட்டிலும் கண்ணாடி இல்லை என்றால் அது எங்கே போய்ப் பார்க்கும்?

சரி, எந்தக் கண்ணாடி வாங்குவது?

'ரசம் போன கண்ணாடி' என்கிறோமே, அது என்ன ரசம்? சாப்பாட்டு ரசம் இல்லை, பாதரசம்! அந்தக் காலத்தில் தகரத்தோடு பாதரசம் சேர்த்துக் கண்ணாடியின் முதுகில் பூசினார்கள். 1835-ல் ஜெர்மனியைச் சேர்ந்த லீபிக் என்ற வேதியியல் அறிஞர் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்தார். பாதரசம் போய்விட்டது, சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. உங்கள் வீட்டுக் கண்ணாடியில் விரல் நகத்தை வைத்துப் பாருங்கள். நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி தெரியும். பூச்சு முதுகில் இருப்பதால்தான் அப்படி. கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடியில் அந்த இடைவெளி இருக்காது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்துத் தேய்த்த உலோகம் அது. பழைய கண்ணாடியின் முதுகில் உரிகிற பூச்சும் பெயிண்டும் தவழும் பிள்ளையின் வாய்க்குப் போகும் என்பதால், அப்படிப்பட்ட கண்ணாடியை முதலில் அப்புறப்படுத்த வேண்டும்.

கடைக்காரர் 'டஃபன் கிளாஸ் போடுங்க, ஒண்ணும் ஆகாது' என்பார். அது உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகாமல் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும் என்பது உண்மைதான். ஆனால் தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் போடும் வயதில் அந்தக் கட்டியும் ஆபத்துதானே? ஆகவே என் ஓட்டு அக்ரிலிக்குக்குத்தான். அதே பருமனுள்ள கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவுதான் இருக்கும். விலை சாதாரணக் கண்ணாடியை விடக் கொஞ்சம் கூடுதல், கீறலும் விழும். விழட்டுமே! காலில் கீறல் விழுவதற்கு அது தேவலை. ரொம்ப மெல்லிசாக வாங்கினால் வளைந்து, பொருட்காட்சியில் வைக்கும் சிரிப்புக் கண்ணாடி மாதிரி முகத்தைக் கோணலாகக் காட்டும். தன் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளைக்குக் கோண முகமா காட்டுவது? அதனால்தான் பின்னால் பிளைவுட் பலகை. சுவரில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கண்ணாடி வேண்டவே வேண்டாம். நாலு நாளில் மூலை பெயரும், பிள்ளை பிய்த்து வாயில் வைக்கும்.

கண்ணாடியைப் படுக்கை வாட்டத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தால் தவழ்கிற பிள்ளையும் பார்க்கும், நிற்கிற பிள்ளையும் பார்க்கும். சுவரில் ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும். பசை டேப்பை மட்டும் நம்பக் கூடாது. ஓரம் முழுக்கச் சட்டமோ ரப்பரோ இருக்க வேண்டும். வெயில் பட்டுக் கண் கூசும் இடமும் தூரி ஆடும் இடமும் ஆகாது. துடைக்கச் சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக் வெடிப்பு விடும். பீரோ இருந்தால் அதைச் சுவரோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிட வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குக் கோபம் வருகிற விஷயம். கண்ணாடி முன் நிற்கிற பிள்ளையிடம், "பாரு, எப்படிக் கருவாயனாட்ட இருக்கறேன்னு!" என்று சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னை இப்போதுதான் அடையாளம் கண்டுகொள்ளும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கிற சொல் இதுவா? "உன் மூக்கு எங்கே? உன் பல்லு எத்தனை?" என்று கேட்டால் போதாதா?

இன்று சாயங்காலம் தங்கையை அழைத்து வரப் போகும்போது, அந்த வீட்டில் ஒரு நிமிடம் தரையில் உட்கார்ந்து, அவள் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். அந்த அக்காவிடம் குறை சொல்லாதீர்கள்; பகல் முழுவதும் நாலைந்து பிள்ளைகளைச் சமாளிப்பது விளையாட்டில்லை. பார்த்ததை வீட்டில் சொல்லுங்கள். நாலு அம்மாக்கள் சேர்ந்தால் ஒரு அக்ரிலிக் கண்ணாடி வாங்கிவிடலாம். ஆணியில் தொங்கும் பழைய கண்ணாடியைக் கழற்றும் வேலை மட்டும் பெரியவர்களுடையது, நீங்கள் தொடாதீர்கள்.