திண்ணைக்குத் திரும்புதல்

திருத்தணி மலைக்குப் படியேறிச் செல்லும் அன்பர்கள் அறிவார்கள், படிகள் மொத்தம் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது வழக்கு. டிசம்பர் 31-ஆம் நாள் அந்தப் படிகளுக்கே விழா எடுக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, திருப்புகழ்ப் பாடல் ஒன்றைப் பாடிய பிறகே பஜனைக் குழுவினர் அடுத்த படியில் கால் வைப்பர். இந்தத் திருப்படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் பணி செய்திருந்து, பின் துறவு பூண்டு, திருப்புகழைப் பரப்புவதையே வாழ்வாக்கிக் கொண்டவர். ஜனவரி முதல் நாள் விடிந்தவுடன் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்காரத் துரைமாரின் வாசலில் நம்மவர் காத்து நிற்பதைக் கண்டு மனம் பொறாமல், அந்தக் கூட்டத்தைத் தணிகை வேலனின் வாசலுக்குத் திருப்பிவிட்டார் என்று பெரியோர் சொல்வர்.

துரைமார் போய்விட்டார்கள், வழக்கம் போகவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் வங்கிப் பணியில் இருந்த நான், மேலதிகாரிகளின் அறை வாசலில் ஜனவரி முதல் நாள் நீளும் வரிசையை எல்லா ஊர்களிலும் கண்டிருக்கிறேன். எலுமிச்சம்பழத்தின் விலை ஒன்றுதான் மாறியிருந்தது. ஓய்வு பெற்ற மறு ஆண்டு அதே நாளில் என் கைப்பேசி ஒரு முறைகூட ஒலிக்கவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரியின் கைப்பேசியைப் போல் சாதுவான பொருள் உலகில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. அந்த அமைதியோடுதான் நானும் என் மனைவியும் பொதட்டூர்பேட்டைக்குத் திரும்பி வந்தோம்.

எங்கள் பேட்டையைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். இது நெசவாளர் ஊர். நான் சிறுவனாக இருந்தபோது விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பார்கள். அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போவோம். இன்று விசைத்தறிகளின் ஓசை இரவிலும் கேட்கிறது. தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். வீட்டில் ஒன்று, கடையில் மற்றொன்று என்று இருப்போரும் உண்டு. கோபம் வந்தால் எந்த மொழி வரும் என்பதை வைத்தே பூர்விகத்தைச் சொல்லிவிடலாம்.

என் அண்ணன் பிறந்தபோது எங்கள் வீடு ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு நான் பிறந்தபோது அதே வீடு செங்கல்பட்டு மாவட்டம். என் பேரன் தொட்டிலில் கிடந்தபோது அது திருவள்ளூர் மாவட்டம். வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. திண்ணையும் அப்படியே இருக்கிறது. வலப்பக்கத் தூணில் என் தந்தையார் நூல் கணக்குக்காகக் கத்தியால் கீறிய கோடுகள்கூட அழியவில்லை.

ஊர் திரும்பிய அதிகாரியிடம் ஊர் முதலில் கேட்பது நன்கொடை. தவறில்லை; கோயில் திருப்பணிக்கு அவன் கொடுக்காமல் யார் கொடுப்பது? கொடுத்தேன், கல்வெட்டில் பெயரும் வந்தது. ஆனால் அத்தோடு ஊருக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டதாக இரு தரப்பும் எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. ஓய்வு பெற்றோரில் வேறொரு வகையினரும் உண்டு. கால்வாய் அடைத்திருந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், சுண்டல் விநியோகத்தில் வரிசை குலைந்தாலும், பழைய அலுவலகக் குரலில் உத்தரவு போடுவார்கள். ஊர் இரண்டு மாதம் பொறுக்கும். மூன்றாம் மாதம் அவர்களைக் கண்டதும் வேறு தெரு வழியாகப் போகும். சூரனை வென்ற பின் முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலால் இது தணிகை என்கிறோம். அதனால்தான் கந்த சஷ்டியில் இங்கே சூரசம்ஹாரம் இல்லை. மலர்களைச் சொரிந்து குளிர்விக்கிறார்கள். பேரூராட்சி அலுவலகத்துக்கு மனுவோடு புறப்படும் ஓய்வூதியர்கள் முதலில் மலைக்கு ஒரு நடை போய் வருவது நல்லது. மனு அவசியம் கொடுக்க வேண்டும், தேதியிட்டு, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை பெற்றுக் கொடுக்க வேண்டும். சினம் மட்டும் வேண்டியதில்லை.

தணிகைக்கும் குருவுக்கும் உள்ள உறவு பழையது. முத்துசுவாமி தீட்சிதர் இம்மலையில் தியானத்தில் இருந்தபோது முதியவர் ஒருவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பதும், அதன்பின் அவர் பாடிய முதற்கிருதி 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்பதும் இசையன்பர்கள் அறிந்த வரலாறு. அந்த முதியவர் தாம் இன்னார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கற்கண்டைத் தந்தார், போனார். குருநாதர்களில் இப்படி ஒரு வகை உண்டு. எங்கள் பகுதிக்கு அப்படி வாய்த்தவர் மங்கலங்கிழார்.

இன்றைய இளைஞர்களுக்கு அவர் பெயர் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். எல்லைப் போராட்டம் என்றால் ம.பொ.சி. அவர்களை நினைக்கிறார்கள், திருத்தணி விநாயகம் அவர்களை நினைக்கிறார்கள், நினைக்க வேண்டியதே. ஆனால் மேடையும் மறியலும் வருவதற்கு முன்பே ஊர் ஊராகத் தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர் மங்கலங்கிழார். அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்தில் 1895-இல் பிறந்தவர். சென்னை சென்று தமிழ் கற்றார். பிறகு இப்பகுதிக்கே திரும்பி வந்து, குருவராயப்பேட்டையில் ஆசிரியராக அமர்ந்தார். 1941-இல் அறநெறித் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பள்ளி நேரம் போக மிச்சப் பொழுதில் சுற்று வட்டாரத்தில் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தார். கற்க வந்தவர்களிடம் கட்டணம் பெறவில்லை. அவரிடம் படித்தவர்கள் தேர்வெழுதித் தமிழாசிரியர்களாகி, இவ்வட்டாரப் பள்ளிகளில் நிறைந்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். ஓர் ஊர் எந்த மாநிலத்துக்கு உரியது என்ற கேள்வி எழும்போது, அங்கே எந்த மொழியில் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது சாட்சியாகிறது. அந்தச் சாட்சியை ஒருவர் பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கொண்டு பல ஆண்டு முன்னதாகவே உண்டாக்கி வைத்திருந்தார். 1953 ஆகஸ்ட் 31 அன்று அவர் மறைந்தார். அதற்கு ஒரு மாதம் கழித்து, அக்டோபர் முதல் நாள், ஆந்திர மாநிலம் அமைந்து திருத்தணி அதனோடு போயிற்று. அது திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை. எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் கற்பித்த ஆசிரியர் அவருடைய மாணவரின் மாணவர். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளை அவர் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அவர்களுக்குத்தான் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குவார்.

எனக்கு இலக்கணம் கற்பிக்கும் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது வட்டிக் கணக்கு. அது யாருக்கு வேண்டும் என்று எண்ணியிருந்த வேளையில், சென்ற ஆண்டு எங்கள் தெருவிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. கூலிக்கு நெய்யும் ஒருவர், நாற்பத்தேழு வயது, மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் கழித்து அவருடைய மனைவி ஒரு மஞ்சள் பையோடு எங்கள் திண்ணைக்கு வந்தார். "அண்ணா, இதெல்லாம் என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பையில் இரண்டு வங்கிக் கணக்குப் புத்தகங்கள், ஒரு வைப்புத்தொகை ரசீது. ஒரு கணக்கில் மனைவி வாரிசுதாரராக நியமிக்கப்பட்டிருந்தார். இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் கொடுத்ததில் சில நாட்களில் பணம் வந்தது. வைப்புத்தொகையில் நியமனம் இல்லை. அதற்கு வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் கையொப்பம், உறுதிமொழிப் பத்திரம் என்று நடந்து முடிய ஐந்து மாதம் ஆயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிரதமரின் ஜீவன் ஜோதிக் காப்பீட்டில் அவர் சேர்ந்திருந்தார். ஆண்டுக்கு 436 ரூபாய். உறுப்பினர் எக்காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். அந்தத் தொகையை ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் வங்கி தானாகவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த மே மாதம் அவர் கணக்கில் இருந்தது 212 ரூபாய். மூன்று மாதம் கழித்து அவர் இறந்தார்.

அந்த வரியை அவரிடம் நான் வாசித்துக் காட்ட நேர்ந்தது. அவர் அழவில்லை. "இருநூத்தி இருபத்தி நாலு ரூபா குறைஞ்சதா அண்ணா?" என்று மட்டும் கேட்டார். மனக்கணக்கு அத்தனை துல்லியம்.

அன்று மாலை அவருடைய மூத்த பையனை வரச் சொன்னேன். கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டுத் தறிக்கு வந்தவன். அவனுடைய தாயார் குழுக் கடனாக ஒரு லட்சம் வாங்கியிருந்தார். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பன்னிரண்டு தவணை, தவணைக்கு 9,333 ரூபாய். 'பன்னிரண்டு விழுக்காடுதானே தாத்தா' என்றான். ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டேன். தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது. ஆனால் வட்டியை மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கே போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்கு அதே பன்னிரண்டு விழுக்காடு போட்டால் தவணை 8,885 ரூபாய்தான் வரும். ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு 5,380 ரூபாய்க்கு மேல். உண்மையில் அவர்கள் கட்டுவது ஏறத்தாழ 21 விழுக்காடு. அவன் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதை எனக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றான். கற்பிப்பவன் காதுக்கு அதைவிட இனிய சொல் கிடையாது.

என் மகனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவான். "அப்பா, ஓய்வு பெற்றும் கவுண்டரைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? உடம்பைப் பாருங்கள், எங்களோடு வந்து இருங்கள்" என்பான். அவன் சொல்வதில் அன்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. பேரனின் வளர்ச்சியைக் கண்ணாடித் திரையில் பார்ப்பது என் மனைவிக்குப் போதவில்லை என்பதையும் நான் அறிவேன். ஆண்டுக்கு இரண்டு மாதம் அங்கே, பத்து மாதம் இங்கே என்பது இப்போதைய உடன்படிக்கை. யாருக்கும் முழு நிறைவு இல்லை, எல்லோரும் கையொப்பமிட்டிருக்கிறோம்.

அவனிடம் ஒரு முறை வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை அவர்களைப் பற்றிச் சொன்னேன். மாவட்ட முன்சீப்பாக இருந்துகொண்டே, சிதறிக் கிடந்த திருப்புகழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து 1894-இல் முதற்பகுதியை அச்சிட்டவர். அவருடைய மகன் செங்கல்வராய பிள்ளை பதிவுத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். தந்தை தொகுத்தவற்றுக்கு உரையும் ஆராய்ச்சியும் எழுதித் 'தணிகைமணி' என்று பெயர் பெற்றார். இருவரும் நம்மைப் போல் கோப்புகளோடு காலம் கழித்தவர்களே. "அவர் மகன் அவர் வேலையைத் தொடர்ந்தார் என்கிறீர்கள், என்னையும் திண்ணைக்கு அழைக்கிறீர்கள்" என்று சிரித்தான். அழைக்கவில்லை. ஆனால் சென்ற மாதம் அவனாகவே தவணைக் கணக்கைத் தமிழில் போட்டுக் காட்டும் ஒரு சிறு பட்டியலைக் கணினியில் அமைத்து அனுப்பினான். தெலுங்கிலும் வேண்டும் என்றேன். இரண்டு நாளில் வந்தது.

எங்கள் தெருப் பையன் இப்போது என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறான். தறி இரைச்சலில் பேசிப் பழகிய குரல், ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை. கிருத்திகைதோறும் கோயில் மண்டபத்தில் பஜனை முடிந்து பிரசாதம் வழங்கும் வரை அரை மணி நேரம் எங்களுக்கு விட்டிருக்கிறார்கள். அவன் தமிழிலும் தெலுங்கிலுமாகச் சொல்கிறான். நான் பின்வரிசையில், கண்ணாடியை மறந்துவிட்டு வரும் மூதாட்டிகளுக்குக் கணக்குப் புத்தகத்தைப் படித்துச் சொல்கிறேன். பத்தாண்டு தொடாமல் கிடந்த கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆயினும் உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னபோது, ஒரு பாட்டி மறுநாளே தம் மறைந்த தம்பியின் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தார்.

வரும் சித்திரைக் கிருத்திகைக்கு வருவோர் தத்தம் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வருமாறு சொல்லியிருக்கிறோம். நியமனப் படிவங்கள் என்னிடம் இருக்கின்றன. மே மாதக் கடைசிக்குள் ஒவ்வொருவர் கணக்கிலும் 436 ரூபாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இதுவரை 63 வீடுகள். மேற்குத் தெருவுக்கு இன்னும் போகவில்லை.