செங்கடலில் மூன்று இரவு யாருக்காக?

பதிவு கொஞ்சம் நீளம். எகிப்துப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களும் கொடுக்க யோசிப்பவர்களும் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே போஸ்டர்தான். டிசம்பர் லீவில் ஒன்பது நாள் எகிப்து. மேலே பிரமிட், கீழே நீலக் கடல், கடற்கரையில் படுத்திருந்த வெள்ளைக்காரியை மறைக்க அவசரமாக ஒட்டிய ஓர் ஒட்டகம். தலைப்பு: பண்டைய அதிசயங்களும் குளிர்கால வெயிலும்.

குளிர்கால வெயில்! வகுப்பறைத் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வெந்து போகிறார்கள் என்று வருடா வருடம் கூட்டம் போட்டுப் பேசுகிற ஊர் நாம். இப்போது இலட்சக் கணக்கில் காசு கட்டி வெயில் வாங்கப் போகிறோம்.

இந்தப் போஸ்டர் நமக்காக எழுதப்பட்டதே அல்ல. இலண்டனில் டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே சூரியன் மறைந்து விடும். அங்குள்ளவர்களுக்கு அந்த மாதத்தில் வெயில் ஒரு மருந்து. தோமஸ் குக் 1869ல் நைல் நதிக்கு ஆட்களைக் கூட்டிப் போகத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வியாபாரம் நடக்கிறது: காலையில் கோயில், மத்தியானம் வெயில். லக்ஸரில் 1907ல் திறந்த பெரிய ஹோட்டலின் பெயரே விண்டர் பேலஸ், குளிர்கால மாளிகை. அவர்களுடைய தேவை அது, அவர்களுடைய திட்டம் அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை அப்படியே எடுத்து, மேலே ஹலால் சாப்பாடு என்று ஒரு வரி சேர்த்து நம்மிடம் விற்பதுதான் பிரச்சினை.

நாள் கணக்கைப் பாருங்கள். மொத்தம் எட்டு இரவு. கெய்ரோவில் போகும்போது இரண்டு, வரும்போது ஒன்று. லக்ஸரில் இரண்டு. ஹுர்காதா கடற்கரையில் மூன்று. கெய்ரோவின் முதல் நாள் கீஸா பிரமிடும் புதிய பெரிய நூதனசாலையும். இரண்டாம் நாள் "கான் அல்-கலீலி ஷொப்பிங்". அதோடு கெய்ரோ சரி.

ஹுர்காதா ஹோட்டலில் "எல்லாம் உள்ளடங்கிய" கட்டணமாம். அந்த எல்லாவற்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? செங்கடல் ஹோட்டல்களில் அந்த வார்த்தைக்குச் சாப்பாடு, தேநீர், கூடவே மதுபானம் என்று அர்த்தம். நாம் குடிக்க மாட்டோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கில் பக்கத்து மேசைக்காரனின் கிளாஸும் சேர்ந்துதான் இருக்கிறது. பள்ளியில் ஜும்ஆ முடிந்து ஹலால் முத்திரை பற்றி அரை மணித்தியாலம் பேசுகிற நம் ஆக்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முற்பணம் கட்டுகிறார்கள்.

அங்கே நம் உம்மாமார், ராத்தாமார் மூன்று நாள் என்ன செய்வார்கள்? நீச்சல் தடாகத்தைச் சுற்றி என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆம்பிளைகள் பிள்ளைகளோடு கடலுக்குப் போவார்கள், பெண்கள் அறைக்குள் இருந்து போன் பார்ப்பார்கள். வாழ்க்கையில் ஒரு தடவை வெளிநாடு போகிற ஒரு பெண்ணின் ஒன்பது நாளில் மூன்றை அறைச் சுவருக்குக் கொடுப்பது எந்த நியாயம்? அவளுடைய தாலிக்கொடி அடகிலோ சீட்டுக் காசிலோதான் பாதிப் பேர் போகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"நம் கரையில் டிசம்பர் மாரிக் காலம், கடலும் கலங்கி ஊரும் தண்ணியாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றம் வேண்டாமா" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மழையிலிருந்து தப்பிப் போவதில் தப்பில்லை. ஆனால் ஒரு விசயத்தை முகவர் சொல்ல மாட்டார். ஐரோப்பியருக்கு அது வெயில், நமக்கு அது குளிர். டிசம்பரில் கெய்ரோவின் இரவு 10 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும், லக்ஸரில் அதற்கும் கீழே போகும். செங்கடலில் காற்று ஓயாது. நம் பிள்ளைகள் அந்தக் கடலில் காலை வைத்துவிட்டுத் துவாயைத் தேடி ஓடி வருவார்கள். மழை விட்ட பிறகு பாசிக்குடாவில் இறக்கி விடுங்கள், மூன்று மணித்தியாலத்துக்கு வெளியே வர மாட்டார்கள்.

இனி, அந்தப் போஸ்டரில் இல்லாததைச் சொல்கிறோம். உண்மையில் நமக்குக் கோபம் வந்தது இதில்தான்.

இந்த நாட்டில் நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர். வுழூவிலிருந்து ஜனாஸா வரை அந்த இமாமின் சொல்லில்தான் நம் வாழ்க்கை ஓடுகிறது. காஸாவில் பிறந்த இமாம் ஷாபிஈ (ரஹ்) கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார்? எகிப்தில். பழைய கெய்ரோவான புஸ்தாத்தில், அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) கட்டிய பள்ளியில் இருந்து பாடம் நடத்தினார். முன்னர் சொன்ன கருத்துக்கள் பலவற்றை அங்கே வந்த பிறகு மாற்றிச் சொன்னார். நம் மத்ரஸாக்களில் "கவ்ல் ஜதீத்", புதிய கருத்து என்று ஓதிக் கொடுப்பது எகிப்தில் பிறந்த அந்தக் கருத்துக்களைத்தான். 820ல் அங்கேயே வபாத்தானார். 1211ல் ஐயூபி சுல்தான் அல்-காமில் கட்டிய குப்பா இன்றும் நிற்கிறது, உச்சியில் செப்பினால் செய்த ஒரு சிறிய படகு. திருத்த வேலை முடித்து 2021ல் மீண்டும் திறந்தார்கள். அதைச் சுற்றியுள்ள பழைய மையவாடியின் சில பகுதிகள் வீதிகளுக்காக இடிபட்டும் விட்டன. இன்னும் பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடிய இடமல்ல அது.

கெய்ரோ வரைக்கும் போய், ஒட்டகத்தில் ஏறிப் படமெடுத்துவிட்டு, தன் இமாம் பாடம் நடத்திய பள்ளியைப் பார்க்காமல் திரும்பி வருகிற ஷாபிஈ உலகத்தில் வேறெங்காவது இருப்பாரா தெரியாது. நம் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் போகப் போகிறார்கள்.

உடனே கீழே கொமென்டில் ஸியாரத் கூடுமா கூடாதா என்று தொடங்கி விடாதீர்கள். கப்ரில் போய் எதுவும் கேட்க வேண்டாம் என்பவர்கள் கேட்க வேண்டாம். அம்ர் பள்ளிக்குப் போங்கள், இரண்டு ரக்அத் தொழுங்கள், இந்தத் தூண்களுக்கு நடுவே எங்கோதான் அவர் இருந்தார் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பள்ளி பலமுறை பெருத்தும் திருத்தியும் கட்டப்பட்டது, அதையும் சொல்லுங்கள். அதில் எந்த ஜமாஅத்துக்கும் பிரச்சினை வராது.

"ஷொப்பிங்" என்று போட்ட கான் அல்-கலீலியிலிருந்து ரோட்டைக் கடந்தால் அல்-அஸ்ஹர். நம் உலமாக்கள் சிலரின் பெயருக்குப் பின்னால் வரும் "அஸ்ஹரி" அதுதான். மற்றப் பக்கம் முயிஸ் தெருவில் சில நிமிடம் நடந்தால் சுல்தான் கலாவூன் 1280களில் கட்டிய பள்ளி, மத்ரஸா, வைத்தியசாலை எல்லாம் சேர்ந்த பெரிய கட்டடம். அந்தச் சுல்தானுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283ல் அவரிடம் தூது அனுப்பினான். போன தூதர் அபூ உஸ்மான் என்ற ஹாஜியார். தங்கப் பேழையில் வைத்துக் கொண்டு போன கடிதத்தை வாசிக்கக் கெய்ரோவில் ஆள் இல்லாமல், தூதரே வாயால் விளக்க வேண்டி வந்தது என்று அந்த நாட்டு வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு சிங்கள மன்னன் ஒரு முஸ்லிமை நம்பி மிஸ்ருக்கு அனுப்பிய கதை இது. "நீங்கள் எப்போது வந்தீர்கள்" என்று நம்மிடம் கேட்கப்படும் காலத்தில் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய கதை. வளையல் விலை பேசிக் கொண்டு நின்றால் அந்தக் கட்டடம் இருப்பதே தெரியாமல் பஸ்ஸில் ஏறி விடுவோம்.

அறபி பாஷாவை மறந்தே போனோம். 1881 செப்டம்பர் 9 அன்று கெய்ரோ ஆப்தீன் மாளிகைக்கு முன் படையோடு போய் நின்று கதீவ் தௌபீக்கிடம் உரிமை கேட்டவர். அடுத்த வருடம் தல் அல்-கபீரில் தோற்றார். ஆங்கிலேயர் எகிப்தைப் பிடித்தார்கள், அவரை 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடு கடத்தினார்கள். அவரை நம் வெயிலுக்கு அனுப்பிவிட்டு அவருடைய வெயிலில் அவர்கள் காய்ந்தார்கள். போஸ்டரில் உள்ள குளிர்கால வெயிலின் சரித்திரம் இதுதான். அவரோ இங்கே சும்மா இருக்கவில்லை. சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் 1892ல் ஸாஹிறாவைத் தொடங்கியபோது பக்கத்தில் நின்றார். 1901ல்தான் ஊர் திரும்பினார். கண்டியில் அவர் இருந்த வீடு இன்று நூதனசாலை. ஆப்தீன் மாளிகையும் நூதனசாலையாகத் திறந்திருக்கிறது. பள்ளிக்கூடம் என்ற ஒன்றுக்குள் முஸ்லிம் பிள்ளை போவதற்குத் துணை நின்ற மனிதரின் இடத்துக்கு அரை நாள் கொடுக்க முடியாதா?

மறுபக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. பிர்அவ்னின் இடங்களைப் பார்க்கப் போவதே பாவம் என்பவர்கள். அழிக்கப்பட்ட ஸமூது கூட்டத்தின் இடத்தைக் கடக்கும்போது நபி (ஸல்) அவர்கள் சொன்ன எச்சரிக்கையை அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். பத்வா கொடுப்பது நம் வேலையல்ல, உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்வதையும் சேர்த்துக் கேளுங்கள். எகிப்துக்குள் வந்த ஸஹாபாக்கள் பிரமிடுகளை இடிக்கவில்லை. இடிக்கப் பார்த்தவர் பிறகு வந்த ஸலாஹுத்தீனின் மகன் அல்-அஸீஸ் உஸ்மான். 1196ல் எட்டு மாதம் ஆளும் காசும் கொட்டி, சிறிய பிரமிடின் ஒரு பக்கத்தில் ஒரு வெட்டுக் காயம் மட்டும் போட முடிந்தது. அது வீண் வேலை என்று எழுதி வைத்தவர் அப்துல் லதீப் அல்-பக்தாதி, முஸ்லிம் வைத்தியர். அந்தக் காயம் இன்றும் தெரியும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். லக்ஸர் கோயிலுக்குள்ளேயே அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளி இருக்கிறது, இன்றும் பாங்கு சொல்லித் தொழுகிறார்கள்.

ஒரு சின்ன விசயம். மம்மியில் உப்பு இருந்தது, அதனால் கடலில் மூழ்கிய பிர்அவ்ன் இவன்தான் என்று வருகிற போர்வர்டை அங்கே போய் நின்று பரப்பாதீர்கள். நேட்ரான் என்ற உப்பில் நாற்பது நாள் அளவில் உலர்த்தித்தான் மம்மி செய்தார்கள். உப்பு எல்லா மம்மியிலும் இருக்கும். மூஸா நபி (அலை) காலத்து மன்னனின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. ஸூரா யூனுஸின் 92ஆம் வசனத்துக்கு நம் வட்ஸ்அப் ஆதாரம் தேவையுமில்லை.

இதையெல்லாம் விட வெட்கமான ஒன்று. பிரமிட் பார்க்கப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அநுராதபுரத்தைப் பார்த்திருக்கிறார்கள்? கீஸாவின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்ததாகப் பழைய உலகத்தின் மூன்றாவது உயரமான கட்டடம் ஜேதவனாராமய, 122 மீற்றர், மகாசேனன் தொடங்கியது. பஸ்ஸில் விடியப் போய் இரவு திரும்பலாம். காலியில் 1911ல் கிடைத்த மும்மொழிக் கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோ 1409ல் பொறித்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை எழுதிய கல். அதற்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி ஒரு படமாவது எடுத்தோமா?

பயம்தான் காரணம் என்று தெரியும். 2019 தொடக்கத்தில் கிரலாகல தூபியில் ஏறிப் படமெடுத்த மாணவர்கள் விளக்கமறியலில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு புராதன இடம் என்றாலே பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு எதில் ஏறலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எதற்கு முதுகு காட்டிப் படமெடுக்கக் கூடாது என்று யாரும் கூட்டிப் போய்ச் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றவர் மதிக்கிற கல்லுக்கு முன்னால் நிற்கும் ஒழுங்கை நம் நாட்டிலேயே படிக்காத பிள்ளை கர்னாக்கில் போய் எதில் ஏறும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் நேரடியாகக் கேட்கிறோம். ஹுர்காதாவின் மூன்று இரவையும் வெட்டுங்கள். இரண்டைக் கெய்ரோவில் சேருங்கள்: ஒரு நாள் புஸ்தாத்தும் இமாம் ஷாபிஈ பகுதியும், ஒரு நாள் அஸ்ஹர், முயிஸ் தெரு, ஆப்தீன். மூன்றாவது இரவின் காசை ஆளுக்குத் திருப்பிக் கொடுங்கள். பெண்களையும் வயதானவர்களையும் கேட்டு நடைத் தூரத்தைத் தீர்மானியுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன் ஒரு சனிக்கிழமை, போகிற எல்லாப் பிள்ளைகளையும் யாப்பகூவைக்கும் அநுராதபுரத்துக்கும் கூட்டிப் போவோம். பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கிற வேலையும் வழியில் விளக்கம் சொல்கிற வேலையும் நம் பொறுப்பு, ஒரு சதம் வேண்டாம்.

முற்பணத்துக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளி. திட்டத்தை மாற்ற மாட்டோம் என்றால் அதையும் குழுவில் எல்லோரும் பார்க்க எழுதுங்கள். பெயர் கொடுத்தவர்கள் அதை வாசித்துவிட்டுக் காசு கட்டட்டும்.