இல்லத்துக்கு உதவும் யோசனைகள்: சுவரிலிருந்து ரூட்டருக்குப் போகும் ரெலிபோன்

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, பிரசாதத்துடன் மண்டபத்தில் அமரும்போது முன்பெல்லாம் ஊர்ப் புதினமும் பிள்ளைகளின் படிப்பும்தான் பேச்சாக இருக்கும். இப்போது மூன்றாவதாக ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. "உங்கட வீட்டில எந்தக் கொம்பனியின்ர இன்ரநெற்? எவ்வளவு ஸ்பீட்? மாதம் எத்தனை பவுண்?" என்பதே அது. ஒருவர் நூறு என்பார். மற்றவர் ஐந்நூறு என்பார். இளைஞர் ஒருவர் ஆயிரம் என்று சொல்லி எல்லோரையும் வாயடைக்கச் செய்வார். ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மின்சாரம் நின்றால் அந்த வீட்டு ரெலிபோன் வேலை செய்யுமா?

பிரித்தானியாவில் வாழும் நம்மவர் ஒவ்வொருவரும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது. செப்புக் கம்பியில் ஓடிய பழைய ரெலிபோன் முறை முற்றாக நிறுத்தப்படுகிறது. முதலில் 2025 டிசம்பர் என்று சொல்லப்பட்ட அந்த நாள், 2024 மே மாதத்தில் 2027 ஜனவரி 31ஆம் திகதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டெம்பர் முதல் பழைய முறையில் புதிய இணைப்புகள் விற்கப்படுவதில்லை. இனி வீட்டு ரெலிபோனின் பேச்சும் புரோட்பாண்ட் வழியாகவே செல்லும். சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றி ரூட்டர் பெட்டியின் பின்புறத்தில் செருகுவதுதான் வெளியில் தெரியும் மாற்றம்.

வெளியில் தெரியாத மாற்றம் வேறு. பழைய கம்பி பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 50 வோல்ற் மின்சாரத்தையும் கொண்டுவந்தது. அதனால்தான் தெரு முழுவதும் இருளில் கிடந்த இரவிலும் வயரில் இணைத்த சாதாரண ரெலிபோன் ஒலித்தது. ரூட்டருக்கு அந்தக் கொடை இல்லை. அது வீட்டு மின்சாரத்தில் இயங்குவது. வீட்டில் மின்சாரம் நின்றால் ரூட்டர் நிற்கும். ரூட்டர் நின்றால் ரெலிபோனும் ஊமையாகிவிடும்.

இதனால் என்ன வரும் என்பதற்கு லண்டனில் ஒரு வீட்டுக் கதையைச் சொல்லலாம். எழுபத்தெட்டு வயதுத் தாயார் தனியே இருக்கிறார். முழங்காலும் சரியில்லை, கண்ணும் மங்கல். கழுத்தில் ஓர் அபாய மணிப் பொத்தான். விழுந்துவிட்டால் அதை அழுத்த வேண்டும். அதன் பெட்டி ரெலிபோன் கம்பி வழியே உதவி நிலையத்தை அழைக்கும். மகன் நல்ல பிள்ளை. தாயாரின் இன்ரநெற் பில்லில் மாதம் எட்டுப் பவுண் குறையும் என்று புதிய கொம்பனிக்கு மாற்றிக் கொடுத்தார். தபாலில் ரூட்டர் வந்தது. ரெலிபோனை அதில் செருகினார், பேசிப் பார்த்தார், நன்றாகக் கேட்டது. மகிழ்ச்சியோடு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தாயார் கேட்டார்: "தம்பி, எனக்கு ஏதும் நடந்தா இதை அமத்தினா ஆக்கள் வருவினம்தானே?"

"ஓமம்மா, வருவினம். ஏன் கேக்கிறீங்கள்?"

"முந்தி அந்தப் பெட்டியில பச்சை லைற் எரியும். இப்ப சிவப்பு மினுங்குது. நீ வேலையால களைச்சு வாறாய், சொல்லி என்னத்துக்கு எண்டு இருந்தனான்."

மகன் எழுந்து பார்த்தபோது அபாய மணிப் பெட்டியின் வயர் இன்னமும் சுவரில் இருந்த பழைய துவாரத்திலேயே செருகிக் கிடந்தது. அந்தத் துவாரத்துக்கு மூன்று வாரமாக உயிர் இல்லை. அந்த நாட்களில் தாயார் விழவில்லை என்பது அதிர்ஷ்டமே தவிர ஏற்பாடு அல்ல.

இது ஒரு வீட்டோடு நிற்கும் விடயமல்ல. இந்நாட்டில் இத்தகைய அபாய அழைப்புக் கருவிகளை நம்பியிருப்போர் சுமார் 18 இலட்சம் பேர். மாற்றத்தின்போது சிலருடைய கருவிகள் செயலிழந்தது தெரியவந்த பின்னர், 2023 டிசம்பரில் அரசாங்கம் பெரிய ரெலிபோன் கொம்பனிகளை அழைத்து, உதவி தேவைப்படுவோரைப் பாதுகாக்கும் உறுதிமொழியில் கைச்சாத்திட வைத்தது. ஆனால் ஒரு வீட்டில் அபாய மணி இருக்கிறது என்பதை நாம் சொன்னாலன்றிக் கொம்பனிக்குத் தெரியாமற் போகலாம். பிள்ளைகள் தாமாகவே கொம்பனியை மாற்றும் வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, மாற்றுவதற்கு முன்னரே இரண்டு இடங்களுக்குச் சொல்ல வேண்டும்: புரோட்பாண்ட் கொம்பனிக்கு ஒன்று, அபாய மணி தருபவருக்கு ஒன்று. பின்னவரிடம், "இந்தப் பெட்டி டிஜிற்றல் இணைப்பில் வேலை செய்யுமா, புதிய பெட்டி வேண்டுமா?" என்று நேரே கேட்க வேண்டும். சிம் அட்டையில் இயங்கும் பெட்டிகளும் உண்டு. மாற்றம் முடிந்த அன்றே பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். மறுமுனையில் ஆள் பேசும்வரை காத்திருந்து, "சோதிக்கிறோம்" என்று சொன்னால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள். களவு எச்சரிக்கை மணி ரெலிபோன் வயரில் இணைந்திருந்தால் அதையும் இவ்வாறே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மின்தடை. கண்காணிப்பு நிறுவனமான ஒவ்கொம் இதற்கு விதி வைத்திருக்கிறது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் குறைந்தது ஒரு மணி நேரம் 999 அழைக்கக்கூடிய வழியொன்று இருக்க வேண்டும். கைத்தொலைபேசி இல்லாதவர், வீட்டினுள் சிக்னல் கிடைக்காதவர் போன்று வீட்டு ரெலிபோனையே நம்பியிருப்போருக்கு அதைக் கொம்பனி இலவசமாகத் தர வேண்டும். அது பற்றரிப் பெட்டியாகவோ கைத்தொலைபேசியாகவோ இருக்கலாம். கேட்பவருக்கே கிடைக்கும், ஆகவே கூச்சப்படாமல் கேட்க வேண்டும். சொந்தமாகப் பற்றரி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி நார் இணைப்பு வீட்டுக்குள் வரும் வீடுகளில் ரூட்டரைத் தவிரச் சுவரில் இன்னொரு சிறு பெட்டியும் இருக்கும். அதற்கும் மின்சாரம் வேண்டும். ரூட்டருக்கு மட்டும் பற்றரி கொடுத்தால் பயனில்லை.

மின்தடை நேரத்தில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் எங்கும் 105 என்ற இலக்கத்தை இலவசமாக அழைக்கலாம். மின்விநியோகக் கொம்பனிகள் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கின்றன. முதியோர், நோயாளர், மாற்றுத்திறனாளர் அதில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ சிரமப்படுவோரும் பதியலாம் என்பது நம் பெரியோர்கள் பலருக்குத் தெரியாத செய்தி.

மூன்றாவது, இலக்கம். இருபது முப்பது வருடமாக ஊரிலும் கனடாவிலும் உள்ள சொந்தங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வீட்டு இலக்கத்தை இழப்பது மிக எளிது. பழைய இணைப்பை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு புதியதைத் தேடினால் இலக்கம் போய்விடக்கூடும். 2024 செப்டெம்பர் 12 முதல் புதிய கொம்பனியிடம் சொன்னாலே போதும். பழையதை அவர்களே நிறுத்துவார்கள். அப்போது, "இந்த இலக்கமும் கூடவே வரவேண்டும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மாறிய பின் பக்கத்துத் தெருவுக்கு அழைப்பதானாலும் பெரும்பாலும் ஊர்க் குறியீட்டுடன் முழு இலக்கத்தையும் அழுத்த வேண்டிவரும். விரலால் சுற்றும் பழைய ரெலிபோன்கள் பெரும்பாலான ரூட்டர்களில் வேலை செய்வதில்லை. மாடியில் வைத்த இரண்டாவது ரெலிபோனும் மௌனமாகலாம்.

ரெலிபோன் மட்டும் போதும், இன்ரநெற் வேண்டாம் என்று இருக்கும் பெரியோர்கள் பயப்படத் தேவையில்லை. பேசுவதற்காகப் புரோட்பாண்ட் பொதி வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓய்வூதியக் கிரெடிற், யூனிவேர்சல் கிரெடிற் பெறுவோருக்குப் பல கொம்பனிகளில் குறைந்த விலைச் சலுகைக் கட்டணம் உண்டு. அதையும் வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள்.

இனி மண்டபத்து ஸ்பீட் கதைக்கு வருவோம். கொம்பனிகள் சொல்லும் இலக்கம் மெகாபிட். கொம்பியூட்டரில் ஒரு பைல் எவ்வளவு பெரியது என்று காட்டும் இலக்கம் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நூறு மெகாபிட் என்றால் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். குறைந்துவிட்டதே என்று கவலை வேண்டாம். தெளிவான படம் ஒன்று பார்க்க ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். மிகத் தெளிவான 4கே படத்துக்கு 15 முதல் 25 வரை. நாலு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் நூறு தாராளம். தனியே இருக்கும் தாயாருக்கு ஆயிரம் வாங்கிக் கொடுப்பது ஒருவருக்குக் கலியாண வீட்டுப் பானையில் சோறு வடிப்பதைப் போன்றது.

பல வீடுகளில் குறை கொம்பனியில் அல்ல, ரூட்டர் இருக்கும் இடத்தில். தொலைக்காட்சிக்குப் பின்னால், அலுமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்துவிட்டு, மேல் அறையில் படம் நிற்கிறது என்று முறையிடுகிறோம். நடுவீட்டில், மேசை உயரத்தில், வெளியாக வைத்தால் பாதிக் குறை தீரும். ரூட்டர் இரு அலைவரிசைகளில் பேசுகிறது: 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவர் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூடியது, தூரம் குறைவு. உண்மையில் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று அறிய, கொம்பியூட்டரை ரூட்டருடன் வயரால் இணைத்து அளக்க வேண்டும். வயரிலும் குறைவாக இருந்தால்தான் கொம்பனியோடு வழக்கு. ஒவ்கொம்மின் வேக விதிக்கோவையில் சேர்ந்த கொம்பனி, ஒப்பந்தத்தில் சொன்ன ஆகக்குறைந்த வேகத்தை 30 நாளில் சரிசெய்யாவிட்டால், தண்டப்பணம் கட்டாமல் விலகலாம்.

விலையைப் பார்க்கும்போது முதல் மாதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில் நடுவில் விலை ஏறுவதானால் எத்தனை பவுண், எத்தனை பென்ஸ், எப்போது என்று முன்னரே எழுதியிருக்க வேண்டும். அந்த வரியைத் தேடி வாசித்த பின்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த மாற்றத்தைச் சாட்டாக வைத்துப் பணம் பறிப்போரும் உண்டு. "உங்கள் ரெலிபோன் நாளை துண்டிக்கப்படும், வங்கி விவரம் சொல்லுங்கள்" என்று யாரும் அழைத்தால் உடனே வைத்துவிட வேண்டும். பில்லில் உள்ள இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்கலாம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னால் 159ஐ அழைத்துப் பெரும்பாலான வங்கிகளோடு பாதுகாப்பாகப் பேசலாம்.

கதையில் வந்த தாயாருக்கு இப்போது சிம் அட்டையில் இயங்கும் புதிய பெட்டி கிடைத்துவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது. மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வரும்போது பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். பெற்றோரைத் தனியே விட்டு வேலைக்கு ஓட வேண்டிய இந்நாட்டு வாழ்க்கையில், இவ்வளவாவது செய்யலாம். இவ்வார இறுதியில் அம்மாவிடமோ அப்பாவிடமோ செல்லும் பிள்ளைகள், சாப்பிட உட்காரும் முன் அந்தச் சிறு பெட்டியில் எரிவது பச்சையா சிவப்பா என்று ஒருமுறை பார்ப்பார்களாக.