முதல் எட்டுக்குள் வருமா நம்ம தலைவாஸ்?

2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை, புரோ கபடியின் 12ஆவது சீசன் விசாகப்பட்டினத்தில் ஆரம்பமாகிறது. முதல் ஆட்டமே தெலுங்கு டைட்டன்ஸுக்கும் நம்ம தமிழ் தலைவாஸுக்கும். தேசிய விளையாட்டு தினத்தன்று நாள் பார்த்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஏழரைக்குள் முடிந்துவிட வேண்டும் என்று வீட்டில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூட்டுவலி, மின்கட்டணம், பழைய சினிமா என்று எழுதி எனக்கே அலுத்துப்போய்விட்டது. படிக்கிற உங்களுக்கும் அலுத்திருக்கும். இந்த வாரம் கபடி. நம் வயசுக்காரர்கள் சடுகுடு என்று வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். புரோ கபடி 2014இல் தொடங்கியது. தலைவாஸ் வந்தது 2017இல், ஐந்தாவது சீசனில். இதுவரை ஏழு சீசன் ஆடியிருக்கிறார்கள். அதில் பிளே-ஆஃப் பார்த்தது ஒரே ஒரு முறை. கபடியை மாநில விளையாட்டாக வைத்திருக்கிற ஊரின் அணிக்கு இந்தக் கணக்கு போதாது.

ஆள் இல்லாமல் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. 2016 உலகக் கோப்பையில் இந்தியாவை ஜெயிக்க வைத்த அஜய் தாக்கூர்தான் முதல் கேப்டன். அடுத்த ஆண்டு மஞ்சீத் சில்லர் வந்தார். 2019இல் ராகுல் சௌத்ரியும் சேர்ந்தார். மூன்று பேருமே இந்தியாவுக்கு ஆடிய பெரிய ஆட்கள். அந்த 2019இல் பன்னிரண்டு அணிகளில் நமக்குக் கிடைத்த இடம் பன்னிரண்டு! போன ஆண்டு ஏலத்தில் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தார்கள். அந்த ஏலத்திலேயே பெரிய தொகை அதுதான். முடிவில் ஒன்பதாவது இடம்.

பிளே-ஆஃப் போன அந்த ஒரு வருஷம் எப்படிப் போனார்கள் என்பதுதான் சுவாரசியம். 2022, ஒன்பதாவது சீசன். பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினார்கள். அதுவரை கபடியில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. முதல் ஆட்டம், குஜராத்துடன். அந்த ஆட்டத்திலேயே முழங்கால் போய் பவன் வெளியே. சீசனும் அவருக்கு அத்தோடு முடிந்தது. அத்தனை பணமும் மேட்டில் சில நிமிஷம்தான் ஓடியது. இந்த வருஷமும் அவ்வளவுதான் என்று டீக்கடையில் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டோம்.

அப்புறம்தான் வேடிக்கை. நரேந்தர் என்று அதுவரை யாரும் கேள்விப்படாத பையன் பாடிப் போக ஆரம்பித்தான். அதுதான் அவனுக்கு முதல் சீசன். 243 ரைடு பாயிண்ட் எடுத்தான். சீசன் நடுவில் அஷன் குமார் கோச்சாக வந்தார். பெயர் தெரியாத பையன்கள் பின்னால் நின்று பிடித்தார்கள். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36–36 என்று சமமாக முடிந்து, டை-பிரேக்கரில் ஜெயித்தோம். அரையிறுதியில் புனேயிடம் 37–39. இரண்டே பாயிண்ட்டில் போனது. தோற்ற ஆட்டம்தான் என்றாலும், தலைவாஸ் ஆட்டத்தில் எதை மறுபடி பார்க்க ஆசை என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

முப்பத்திரண்டு வருஷம் நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது ரேக்கில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பேரிங் போனால்தான் ஸ்டோர்ஸ்காரன் ஞாபகம் வரும். பேரிங் இருந்தால் அரை மணியில் லைன் ஓடும். இல்லாவிட்டால் மறுநாள் மேனேஜர் முகம் பார்க்க முடியாது. கபடியும் அப்படித்தான். மேட்டில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் காயத்தில் போனால் வெளியே உட்கார்ந்திருப்பவன் யார் என்பதுதான் மூன்று மாத சீசனில் கேள்வி. 2019இல் பெரிய பெயர்கள் இருந்தன, ரேக் காலி. 2022இல் பெரிய பெயர் முதல் நாளே போயிற்று, ரேக்கில் சரக்கு இருந்தது.

இப்போது இந்த வருஷத்துக்கு வருவோம்.

அதே பவன் செராவத் திரும்ப வந்திருக்கிறார். நடுவில் இரண்டு சீசன் தெலுங்கு டைட்டன்ஸில் இருந்தார். அங்கே போனபோது விலை 2.605 கோடி. இந்த முறை நமக்குக் கிடைத்தது 59.5 லட்சத்துக்கு. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஈரானை ஜெயித்து தங்கத்தைத் திரும்ப வாங்கி வந்த இந்திய அணிக்குத் தலைவர் இவர்தான். முதல் ஆட்டம் பழைய அணியோடு, அதுவும் அவர்கள் ஊரிலேயே. பார்க்காமல் இருக்க முடியுமா?

கூடவே அர்ஜுன் தேஷ்வால். 1.405 கோடி. 2022இல் ஜெய்ப்பூர் கோப்பை வாங்கியபோது அந்த சீசன் முழுக்கப் பாடிக் குவித்தவர். அந்த ஜெய்ப்பூர் அணிக்குக் கோச்சாக இருந்த சஞ்சீவ் பாலியான்தான் இந்த 2025 சீசனில் நமக்குக் கோச். ஆக, கோப்பை வாங்கத் தெரிந்த கோச்சும், அவர் கையில் வளர்ந்த ரைடரும் சேர்ந்து வருகிறார்கள். நம் அணிக்கு இப்படி ஒரு பொருத்தம் இதற்கு முன் அமைந்ததில்லை.

இரண்டு பெரிய ரைடர் இருப்பதில் என்ன லாபம் என்று பேரன்கள் கேட்டால் சொல்ல வசதியாக இதையும் எழுதிவிடுகிறேன். கபடியில் அவுட் ஆனவன் வெளியே உட்கார வேண்டும். தன் ஆட்கள் ஒரு பாயிண்ட் எடுத்தால்தான் உள்ளே வர முடியும். ஒரே ஒரு நல்ல ரைடர் இருந்தால் எதிரணி அவனைப் பிடித்து வெளியே உட்கார வைத்துவிட்டு நிம்மதியாக ஆடும். லோனா வாங்கும் வரை விடமாட்டான். இரண்டு பேர் இருந்தால் ஒருவனைப் பிடித்தாலும் அடுத்தவன் போய் ஒரு தொடு தொட்டு அவனை எழுப்பிவிடுவான். பிடிக்கிற பக்கத்துக்குத் தூக்கமே இருக்காது.

பிடிக்கிற பக்கத்தில் நமக்கு நித்தேஷ் குமார் இருக்கிறார். வலது மூலையில் நிற்பவர். 2018-19 சீசனில் உ.பி.க்கு ஆடியபோது ஒரே சீசனில் நூறு டேக்கிள் பாயிண்ட் எடுத்த முதல் ஆள். காலைப் பிடித்தால் உடும்புப் பிடி. மூன்றாவது ரைடராக நம்ம நரேந்தர் இன்னும் இருக்கிறான். 'டூ ஆர் டை' என்று வருகிற ரைடுகளில் அவனை அனுப்பிவிட்டு, பவனையும் அர்ஜுனையும் காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம்.

விதிமுறையும் நமக்கு அனுகூலமாக மாறியிருக்கிறது. முன்பு முதல் ஆறு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. இந்த முறை எட்டு அணிகளுக்கு வாசல் திறந்திருக்கிறது. ஆட்டங்கள் 22லிருந்து 18ஆகக் குறைந்திருக்கின்றன. முப்பதை நெருங்குகிற முழங்கால்களுக்கு நல்லது. லீக் ஆட்டத்திலும் இனி சமநிலை கிடையாது. சமமாக முடிந்தால் ஆளுக்கு ஐந்து ரைடு, அதிலும் முடியாவிட்டால் ஒரே ஒரு கோல்டன் ரைடு. அந்த ஒரு ரைடுக்குப் போக பவனைப் போல ஆள் எத்தனை அணியில் இருக்கிறார்கள்?

எனக்குப் பயம் எங்கே என்றால், மறுபடியும் அந்த ரேக்தான். பவனும் அர்ஜுனும் நன்றாக ஆடுகிறவரை நாற்பது நிமிஷமும் அவர்களையே அனுப்பிக்கொண்டிருக்கத் தோன்றும். எந்தக் கோச்சுக்கும் தோன்றும். அக்டோபரில் ஒருவருக்குத் தசை பிடித்துக்கொள்ளும்போது, ஒரு ஆட்டம்கூட முழுசாக ஆடாத பையனை மேட்டில் இறக்கினால் அவன் என்ன செய்வான், பாவம்? விசாகப்பட்டினத்திலும் ஜெய்ப்பூரிலும் பத்துப் பாயிண்ட் முன்னால் இருக்கும் ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிஷம் சின்னப் பையன்களை இறக்கிப் பழக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்ப் பேச்சும் வருகிறது. பவன், அர்ஜுன், நித்தேஷ், நரேந்தர், நான்கு பேரும் வடக்கத்திக்காரர்கள். "தமிழ் என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லாம் அரியானாவா?" என்று டீக்கடையில் வருஷா வருஷம் கேட்கிறார்கள். வெளியூர்க்காரன் ஆடுவதில் எனக்குக் குறையில்லை. நம் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடுகிற லைன்களில் பீகாரும் ஒடிசாவும் அசாமும் வேலை செய்கின்றன. கார் வெளியே வரும்போது அது நம் ஊர்க் கார்தான். 2016இல் பாட்னா பைரேட்ஸ் நான்காவது சீசன் கோப்பையைத் தூக்கியபோது அவர்களுக்குத் தலைவர் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். பீகார்க்காரர்கள் அவரை வேண்டாம் என்றா சொன்னார்கள்? எங்கள் தெரு முனை மெஸ்ஸில் சாப்பிடுகிற பீகார் பையன்களிடம் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் எழுந்து நாற்காலி போடுகிறார்கள்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. நிலம் கொடுத்தவன் வீட்டுப் பையனுக்கு கேட்டுக்கு உள்ளே நிரந்தர வேலை கிடைத்ததா என்று நாம் கேட்கிறோமே, அதே கேள்விதான் இதுவும். உள்ளூர்ப் பையன் கான்ட்ராக்டில் மட்டும் நிற்பது போல, பெஞ்சில் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ராஜரத்தினம், மணத்தி கணேசன், பாஸ்கரன் என்று இந்தியாவுக்கு ஆடிய ஆட்களைக் கொடுத்த மண் இது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் கணேசன் இருந்தார்.

நம் சுற்றுவட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கல் வந்தால் மின்னொளி கபடி நடக்காத கிராமம் அப்போது உண்டா? சுங்குவார்சத்திரம் பக்கமும் வல்லம் பக்கமும் ஆடிய களங்கள் பல இன்று காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம். மிச்சமிருக்கிற இடத்தில் ஆடுகிற பையன் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறான். மண்ணில் கால் ஊன்றிப் பழகியவன். 13க்கு 10 மீட்டர் மேட்டும் அதற்கான ஷூவும் அவனுக்குப் புதுசு. தேர்வுக்குப் போக மூன்று நாள் லீவு கேட்டால் கான்ட்ராக்டர் நான்காம் நாள் வேறு ஆள் போட்டுவிடுவார். முன்பு ரயில்வே, வங்கி, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை இருந்தது. அந்த நம்பிக்கையில் அப்பா அம்மா பையனை ஆட விட்டார்கள். இங்கே இத்தனை கம்பெனி இருந்தும் ஒரு கபடி அணி வைத்து நாலு பையனுக்கு வேலை கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

தலைவாஸ் நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை சென்னையில் தேர்வு நடத்துவதோடு நிற்காமல், ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஊர்களில் ஒரு மேட்டைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பையன்களைப் பாருங்கள். இரண்டு பேரை எடுத்து இரண்டு வருஷம் வைத்துப் பழக்குங்கள். தானமாகக் கேட்கவில்லை. ரேக் நிரம்புவதற்கு அதுதான் வழி. அடுத்த நரேந்தரை ஏலத்தில் கோடி கொடுத்து வாங்குவதைவிட இங்கேயே வளர்ப்பது மலிவு.

சரி, என் கணிப்பு. போட்டுவிட்டு ஓடுகிற பழக்கம் எனக்கில்லை, எழுதியே வைக்கிறேன். 18 ஆட்டத்தில் பத்து ஜெயிப்போம். முதல் எட்டுக்குள் உறுதி, நான்கு அல்லது ஐந்தாவது இடம். அதற்கு மேல் போவது பவனின் முழங்காலையும் பெஞ்சையும் பொறுத்தது. டைட்டன்ஸுடன் முதல் ஆட்டம் நமக்குத்தான், ஐந்து பாயிண்ட்டுக்குள் முடியும்.

செப்டம்பர் 29இல் இருந்து ஆட்டங்கள் சென்னைக்கு வருகின்றன. 2023 டிசம்பருக்குப் பிறகு இப்போதுதான். போன சீசனில் நமக்கு ஒரு ஆட்டம்கூட வைக்கவில்லை. பூந்தமல்லி வழியாக பஸ்ஸில் போய்விட்டு ராத்திரி திரும்பிவரலாம். நம் பக்கத்து மூத்தவர்கள் யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சேர்ந்தே டிக்கெட் எடுப்போம். மெஸ் பையன்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்றிருக்கிறார்கள். பாட்னா ஆடுகிற அன்றைக்கு மட்டும் அவர்கள் எதிர்ப்பக்கம் உட்காருவார்களாம்.