சுவரில் பழம், சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ்

சம்பளத்தையும் வீட்டையும் காணியையும் பேசும் இந்த ஏட்டில், கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எமது அங்கத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தோட்டங்களில் மட்டும் வாழவில்லை. கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் வேலைக்கு வந்த மலையக இளைஞர்கள் அங்கேயே குடும்பமாகி, ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளைப் பக்கத்துப் பாடசாலைகளில் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்துக்கு வெள்ளவத்தை புதிய இடமும் அல்ல. 1933இல் அங்கிருந்த நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்பது எங்கள் கவலையும்தான்.

ஒரு பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்வோம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. வேனில் வரும் பிள்ளை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். தாயும் அதே நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறாள். ஒரு பிளேன் டீ, இரண்டு பிஸ்கட் என்று காலைச் சாப்பாடு முடிந்துவிடுகிறது. இடைவேளையில் கையில் இருக்கும் காசுக்குச் சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ், பெட்டிஸ், சாயம் போட்ட இனிப்புப் பானம். பாடசாலை விட்டதும் டியூஷன். இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளைக்குக் கொத்துரொட்டியோ நூடில்ஸோ கிடைக்கிறது. நாள் முழுவதும் அந்தப் பிள்ளை கதிரையில் இருந்திருக்கிறது. இதில் தாயைக் குற்றம் சொல்வது எளிது, அது நியாயமாகாது. நேரமும் காசும் இல்லாத வீட்டில் சமையல் குறையத்தான் செய்யும்.

அதே பாடசாலையின் சுவரில் பழமும் கீரையும் வரைந்த சுவரொட்டி தொங்குகிறது. ‘ஆரோக்கியமான உணவை உண்போம்’ என்று காலைக் கூட்டத்தில் பேச்சும் நடக்கிறது. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் பசித்த பிள்ளை சுவரொட்டியைச் சாப்பிடாது. பக்கத்தில் என்ன விற்கிறார்களோ, கையிலுள்ள காசுக்கு எது கிடைக்கிறதோ, அதைத்தான் சாப்பிடும். ஆகவே பிள்ளைக்குப் புத்தி சொல்வதற்கு முன் சிற்றுண்டிச்சாலையைப் பார்க்க வேண்டும்.

விதி இல்லாமல் இல்லை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2007இல் சுற்றறிக்கை வெளியிட்டது. 2015இல் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டது. இனிப்பு மென்பானங்களுக்கு அங்கே இடமில்லை. சோறு, அவித்த கடலை, கௌபி, பயறு, பழம், இலைக்கஞ்சி போன்றவைதான் அங்கே விற்கப்பட வேண்டும். 2016 ஆகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியும் கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். சிவப்புக் குறி போட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடிக்கும் பிள்ளை பதினொரு தேக்கரண்டிக்குக் குறையாத சீனியைக் குடிக்கிறது. 2017 நவம்பரில் அந்தச் சீனிக்குக் கிராம் ஒன்றுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. ஓராண்டு கழிந்ததும் அது 30 சதமாகக் குறைக்கப்பட்டது. கம்பனிகளின் முறைப்பாடு கேட்கப்படும் வேகத்தில் தொழிலாளியின் முறைப்பாடு கேட்கப்படுவதில்லை என்பது எமக்குப் பழகிய செய்தி.

விதி இருந்தும் ரோல்ஸ் ஏன் மாறவில்லை? காரணம் கணக்கில் இருக்கிறது. சிற்றுண்டிச்சாலை பொதுவாக டெண்டர் மூலம் வாடகைக்கு விடப்படுகிறது. கூடிய தொகை கேட்பவருக்கே அது கிடைக்கும் என்றால், எடுத்தவர் அந்த வாடகையை இருபது நிமிட இடைவேளைகளில் சம்பாதிக்க வேண்டும். மாவிலும் எண்ணெயிலும் செய்த பண்டம் மலிவு; காலையில் பொரித்து வைத்தால் மத்தியானம் வரை கிடக்கும். பழம் நசுங்கும், கஞ்சி ஆறும், அவித்த பயறு புளிக்கும். பாடசாலைக்கு வாடகைக் காசு தேவை, நடத்துபவருக்கு இலாபம் தேவை. இரண்டுக்கும் விலை கொடுப்பது பிள்ளையின் உடம்பு. சுற்றறிக்கையின் வாசகத்தை டெண்டர் நிபந்தனையில் எழுதி, வாடகையைக் குறைத்து, மீறினால் ஒப்பந்தம் இரத்து என்று சொன்னால்தான் இது மாறும்.

இனி எங்கள் பக்கத்துக் கணக்கு. பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவானது. அதற்குப் பின் பொருளாதார நெருக்கடி வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா. சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024 செப்டம்பரில்தான். இந்த மூன்றரை ஆண்டில் தட்டிலிருந்து முதலில் போனவை முட்டை, மீன், பால், பழம். மிஞ்சியவை மாவு, சீனி, சோறு. கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் எங்கள் மக்கள் விரும்பித் தேர்ந்த உணவல்ல. தோட்டம் அரிசியையும் மாவையும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது.

அதன் விளைவு பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத்துறையில் 32 வீதம். சிறுவயதில் இப்படிக் குன்றிய உடம்பு, பிறகு மாவும் சீனியும் எண்ணெயுமாகச் சாப்பிட்டு அசையாமல் இருந்தால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எளிதில் ஆளாகும் என்று மருத்துவம் சொல்கிறது. இந்நாட்டின் மரணங்களில் பத்தில் எட்டுக்கு இத்தகைய தொற்றாநோய்களே காரணம். கொட்டாஞ்சேனை வகுப்பறையில் மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க வேண்டியதில்லை. இருவருக்கும் கிடைக்காதது நல்ல உணவுதான்.

அரசின் பாடசாலை உணவுத் திட்டம் 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. நல்லதே. ஆனால் தரம் 5 முடிந்ததும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. உடம்பு வேகமாக வளர்வதும், பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படுவதும் அதற்குப் பின்னர்தான். தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சிறுவர்களுக்குத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு ஆண்டுகளில் பதினைந்து வயது வரையான மாணவர்களுக்கும் நீட்டப்பட்டது. இன்று பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு முட்டையுடன் மதிய உணவு கிடைக்கிறது. அங்கே நாற்பது ஆண்டுகளாக நடப்பதை இங்கே கேட்பது பேராசையாகாது.

சாப்பாட்டுக்கு அடுத்தது ஓட்டம். ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. தோட்டத்துப் பிள்ளை மலையேறி இறங்கிப் பாடசாலைக்கு நடந்தே அதை முடித்துவிடும். கொழும்பில் அந்த நடை இல்லை. ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ தரம் 9 வரை கட்டாய பாடம். தரம் 10இலிருந்து விரும்பியவர்க்கு மட்டும். கட்டாயமாக உள்ள வகுப்புகளிலும் கணிதம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளைதான். பெரிய பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதை வீடும் விரும்புவதில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து நாள் முழுவதும் மலைச்சரிவில் ஏறும் தாய்மாரின் சமூகம், மகள் ஓடினால் மட்டும் வெட்கப்படுவது சரியா என்று நாம் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘எங்கள் பிள்ளைகள் முன்னேறுவது பரீட்சையால்தான், விளையாட்டால் அல்ல’ என்று பெற்றோர் சொல்வது எமக்குப் புரிகிறது. லயத்திலிருந்து வெளியே வர எங்களுக்குக் கிடைத்த பெரிய வழி படிப்புத்தான். பரீட்சையை விடச் சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்குத் தூங்கி வழியும் பிள்ளைக்கு டியூஷன் காசு வீணாகிறது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

கொழும்பிலுள்ள அங்கத்தவர்கள் இப்போதே செய்யக்கூடியது உண்டு. பெற்றோர் என்ற முறையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் உங்களுக்கு இடமும் குரலும் உண்டு. வேலை நாள் என்று தவிர்க்காமல் ஒருவராவது போய் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சிற்றுண்டிச்சாலை டெண்டரில் சுற்றறிக்கையின் நிபந்தனைகள் எழுதப்பட்டுள்ளனவா? அவித்த கடலையும் பழமும் ரோல்ஸை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றனவா? உடற்கல்விப் பாடவேளைகள் வாரம் முழுவதும் ஒழுங்காக நடக்கின்றனவா, பெண் பிள்ளைகளுக்கும் நடக்கின்றனவா? தரம் 7இலும் 10இலும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையின் முடிவு பெற்றோருக்குச் சொல்லப்படுகிறதா? கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் கூட்ட அறிக்கையில் பதியப்பட வேண்டும் என்றும் வற்புறுத்துங்கள்.

வீட்டில் முடிந்ததையும் செய்வோம். இரவே ஊறவைத்த கௌபியோ பயறோ காலையில் அவிந்துவிடும். தேங்காய்ப்பூ போட்டுக் கட்டிக் கொடுத்தால் ரோல்ஸுக்குப் போகும் காசு மிஞ்சும். ஆனால் தொழிற்சங்கம் இத்தோடு நின்றுவிட முடியாது. தரம் 11 வரை பாடசாலை உணவு, சுற்றறிக்கையை மதிக்கும் சிற்றுண்டிச்சாலை, பறிக்கப்படாத உடற்கல்விப் பாடவேளை, முட்டையும் மீனும் வாங்கக்கூடிய சம்பளம் ஆகிய நான்கையும் ஒரே கோரிக்கையாக நாம் முன்வைக்கிறோம். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் பிள்ளையின் தட்டும் வைக்கப்பட வேண்டும்.